மலையாற்றுக்கு வண்டி கட்டி வரும் பிள்ளைகளுக்கு

மேட்டுப்பாளையம்

கூட்டாகச் சேர்ந்து ஆற்றில் குளிக்க வரும் கல்லூரித் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சனி, ஞாயிறு ஆனால் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பைக்கிலும் வேனிலும் வந்து பவானிக் கரையில் இறங்குகிறீர்கள். நெல்லித்துறைப் பக்கம் சிலர், வனபத்ரகாளியம்மன் கோயில் படித்துறையில் சிலர், சிறுமுகை போகும் வழியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துச் சிலர். வெயிலில் காய்ந்து வந்த பிள்ளைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று கத்திச் சிரிக்கும் சத்தம் எங்கள் தெரு வரை கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதனால் இந்தக் கடிதத்தில் ‘ஆற்றுக்கு வராதீர்கள்’ என்று எழுத மாட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பவானி நீலகிரியின் மேல்பவானிப் பக்கம் பிறந்து, மேற்கே கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்துத் தண்ணீர் குந்தா வழியாக வந்து பில்லூரில் இதோடு சேர்கிறது. இத்தனை மலைகளின் மழையும் ஒரே வாய்க்காலில் வந்து விழுவது நீங்கள் குளிக்கிற இடத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில் மேட்டுப்பாளையம் மழை மறைவுப் பக்கம். இங்கே தூறல்கூட இருக்காது, மேலே கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் மழை அது.

ஆகவே தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறது என்பதை வைத்து ஆற்றைக் கணிக்கவே முடியாது. மலையைப் பாருங்கள். மலை உச்சி கருத்து, மேகம் இறங்கி மறைந்திருந்தால், ‘இங்கேதான் வெயிலடிக்கிறதே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. புறப்படும் முன் நீலகிரியிலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் மழை எப்படி என்று பாருங்கள். கோவையின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதில் பயனில்லை.

அடுத்தது அணை. பில்லூரில் ஐம்பது மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு இருக்கின்றன. மின்தேவையைப் பொறுத்து அவற்றை ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள். ஓட்டினால் அந்தத் தண்ணீர் ஆற்றில்தான் வரும். மதியம் வரை பாறை தெரியக் கிடந்த ஆறு மழையே இல்லாத நாளிலும் ஏறுவது இதனால்தான். மழைக்காலத்தில் இது இன்னும் பெரிய கதை. அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் வெள்ள அபாய எச்சரிக்கை கொடுத்து மதகைத் திறந்து விடுவார்கள். பத்தாயிரம் கனஅடி என்று செய்தியில் படிக்கும்போது அது வெறும் எண்ணாகக் கடந்துபோகிறது. தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருபத்து மூன்று லாரித் தண்ணீர் ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகிறது என்று அர்த்தம்.

எச்சரிக்கை வரும். ஒலிபெருக்கி வைத்த வண்டி வரும், வருவாய்த் துறை ஆட்கள் வருவார்கள், காவல்துறையின் உயிர்காப்புக் குழுவினர் விசில் ஊதி விரட்டுவார்கள். ஆனால் அதெல்லாம் ஆள் கூடும் துறைகளில். நீங்கள் தோப்புக்குள் பைக்கை விட்டுவிட்டுத் தேடிப் பிடித்த ‘யாருக்கும் தெரியாத இடத்துக்கு’ எந்த வண்டியும் வராது. ஒவ்வொரு இறக்கத்திலும் சைரன் வைக்க வேண்டும், பலகைகளை நாலு மொழியில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் தமிழ்ப் பலகைக்கு அடியிலேயே துணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவதைப் பார்க்கிறேன். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சைரன் வரும் வரைக்கும் உங்கள் கண்ணும் காதும்தான் சைரன்.

வெளியூர் உதாரணம் சொல்கிறேன். 2014 ஜூன் 8, இமாச்சலப் பிரதேசம், மண்டி மாவட்டம். ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். 24 மாணவர்களும் கூடப் போன சுற்றுலா உதவியாளர் ஒருவரும் போய்விட்டார்கள். எல்லா உடல்களையும் மீட்கப் பல வாரங்கள் ஆயின. தண்ணீர் திறந்தவர்களின் பொறுப்பை நீதிமன்றம் விசாரித்தது, விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாறையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு நிமிடம்தான். ஆறு ஏறுகிறது என்று புரிந்தபோது, கரைக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஆற்று நடுவில் இருக்கும் பாறைக்கும் மணல் திட்டுக்கும் போகாதீர்கள். படம் அழகாக வரும், உண்மைதான். வெள்ளம் முதலில் அறுப்பது அந்தத் திரும்பும் வழியைத்தான்.

நம் பக்கத்துக்கே வருவோம். 2024 மே 17. பழைய குற்றாலத்தில் கோடைக் குளியலுக்குக் கூட்டம். மலையில் பெய்த மழையில் அருவி திடீரென்று பெருக்கெடுத்தது. மக்கள் படிகளில் அலறியடித்து ஓடும் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அன்றைக்கு அடித்துச் செல்லப்பட்டான். அடுத்த மாதம், ஜூன் 30, மகாராஷ்டிராவின் லோனாவ்லாவில் பூசி அணைக்குப் பக்கத்து அருவி. ஒரு குடும்பம் நடு ஓட்டத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. ஐந்து பேர் இறந்தார்கள், அதில் நால்வர் குழந்தைகள். அந்தக் காட்சியைப் பார்த்த எல்லாரும் கடைசி நொடியைத்தான் பேசினார்கள். நான் யோசிப்பது அதற்கு முந்திய நிமிடங்களை. தண்ணீர் கணுக்காலில் இருந்தபோது நாலு எட்டு வைத்தால் கரை. முழங்காலுக்கு வந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டுக்கூட வைக்க முடியாது.

முழங்கால் ஆழத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு சாண் கூட இல்லாத, 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள வேகத் தண்ணீர் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். பாசி படிந்த உருண்டைக் கல்லின் மேல் நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் கற்ற நீச்சல் நின்ற தண்ணீருக்கானது. நுரைத்து வெளுத்து ஓடும் தண்ணீரில் பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, கை போட்டால் பிடிப்புக் கிடைக்காது. தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் இன்னும் மோசம். பார்க்கச் சின்னதாக, சமதளமாக, விளையாடக் கூப்பிடுவது போல் இருக்கும். விழுந்த தண்ணீர் அடியில் போய்த் திரும்பி மேலே சுற்றிச் சுற்றி வரும். உள்ளே சிக்கிய ஆளை வெளியே விடாது. எத்தனை நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் தடுப்பணையின் அடியில் போய் நிற்காதீர்கள்.

ஆறு ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் துறையில் துணி துவைக்கும் அம்மாக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் நிமிர்ந்து ஆற்றைப் பார்ப்பதாகவே தெரியாது. கல்லில் துணியை அடித்துக்கொண்டே இருப்பார்கள். தெளிந்து ஓடிய தண்ணீரில் காய்ந்த இலையும் சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். அவ்வளவுதான், ஒருவர் வாளியைத் தூக்குவார். மற்றவர்கள் ‘என்ன?’ என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நனைந்த துணியை அப்படியே சுருட்டிக்கொண்டு நாலு படி மேலே வந்துவிடுவார்கள். காரணம் எளிது. கரையோரத்தில் காய்ந்து கிடந்த குப்பையைத் தண்ணீர் மேலே எங்கோ தொட்டுவிட்டது, அதனால்தான் அது மிதக்கிறது. அதற்குப் பின்னால் கலங்கல் வரும். செம்மண் நிறம் வந்துவிட்டால் பேச்சே இல்லை. ஓசை மாறும், சலசலப்பு போய் ஒரே சீரான இரைச்சல் ஆகும். அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் ஓடுங்கள்.

பரிசல்காரர்கள் இன்னொன்று செய்வார்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டுத்தான் பீடி பற்ற வைப்பார்கள். நீங்களும் வந்து இறங்கியதும் செய்யுங்கள். விளிம்பில் ஒரு குச்சி, அல்லது ஒரு குறிப்பிட்ட கல்லில் தண்ணீர் எதுவரை நனைத்திருக்கிறது என்ற அடையாளம். விரற்கடை ஏறியிருந்தாலும் வெளியே வாருங்கள்.

ஏறுவது மட்டும் அபாயம் என்று எண்ண வேண்டாம். மழை நாளில் ஓடிக்கொண்டிருக்கும் காட்டாறு திடீரென்று குறைந்தாலும் ஓட வேண்டும். மேலே மண் சரிந்தோ மரம் விழுந்தோ ஓட்டத்தை அடைத்திருக்கலாம். அடைப்பு உடையும்போது தேங்கியதெல்லாம் சேறும் பாறையுமாக ஒரே வீச்சில் வரும். ‘தண்ணி எறங்கிடுச்சுடா, இப்ப போலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் போகவே போகாதீர்கள். ஓடும்போதும் ஆற்றோரமாகவே கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளம் உங்களைவிட வேகம். ஆற்றுக்குக் குறுக்காக, மேட்டைப் பார்த்து ஏறுங்கள். செருப்பு, பை, போன் எதற்கும் திரும்பக் கூடாது.

இனி எழுதப்போவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு எஸ்டேட் பகுதியில் ஆற்றில் குளித்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் இறந்தார்கள். அதைப் படித்தபோது பலர் கேட்ட கேள்வி, ‘ஐந்து பேருமா?’ என்பது. ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. கூட்டமாக வருகிறவர்கள் தனியாகச் சாவதில்லை. ஒருவன் சுழியில் சிக்கினால் அடுத்தவன் குதிப்பான். அவனைப் பிடிக்க இன்னொருவன் குதிப்பான். முழுகுகிறவன் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து அமுக்குவான், அது அவன் குற்றமில்லை, உயிர் பிடிக்கும் பிடி. உங்கள் நட்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, கண்ணுகளா. அந்த நட்பால்தான் ஒரு வீட்டுத் துக்கம் ஐந்து வீட்டுத் துக்கமாகிறது. குதிக்காதீர்கள். நண்பனுக்காகக் கரையில் நின்று செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

எட்டுகிற தூரமென்றால் கரையில் படுத்துக்கொண்டு மூங்கில், துண்டு, துப்பட்டா, எதையாவது நீட்டுங்கள். நிற்காதீர்கள், நின்றால் இழுத்துவிடும். எட்டாத தூரமென்றால் வீசுங்கள். இதற்குத்தான் வண்டியில் இரண்டு பொருள் எடுத்துவரச் சொல்கிறேன்: இருபது மீட்டர் நைலான் கயிறு, மூடி இறுகிய காலி ஐந்து லிட்டர் கேன். கேனைக் கயிற்றின் நுனியில் கட்டிவிட்டால் அதுவே மிதவை. முழுகுகிறவனுக்கு நேராக நின்று வீசுவதைவிட, கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஓடி, அவன் வந்து சேரும் இடத்துக்கு வீசுவது பலன் தரும். கயிற்றை உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. உட்கார்ந்து, காலை ஒரு கல்லில் உதைந்துகொண்டு பிடியுங்கள். மிதவையைப் பிடித்தவன் மல்லாந்து படுத்தால் ஓட்டமே அவனைக் கரைப்பக்கம் ஒதுக்கும். இதற்குள் ஒருவர் 112-க்கோ தீயணைப்பு மீட்புக்கு 101-க்கோ அழைத்திருக்க வேண்டும். வந்திருக்கும் துறையின் பெயரை முதலிலேயே தெரிந்து வைத்திருந்தால்தான் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கும்.

இதெல்லாம் நடக்க ஒரே ஒரு ஏற்பாடு போதும். பத்துப் பேர் வந்தால் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் மேட்டில் நிற்க வேண்டும். மணிக்கு ஒருவராக முறை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வேலை மேல்பக்கம் ஆற்றையும் மலையையும் பார்ப்பது, குச்சியைப் பார்ப்பது, தலைகளை எண்ணுவது. அவர் ‘ஏறுங்க’ என்றால் ஏன் என்று கேட்காமல் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்று வேனிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது. ‘இவன் எப்பவுமே பயந்தாங்கொள்ளி’ என்று ஒருவர் சிரிப்பார், சொன்னவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். நேரம் போவது அப்படித்தான். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடித்தவரை இறங்க விடாதீர்கள். மேட்டில் காவலுக்கும் நிறுத்தாதீர்கள். கரையில் கிடக்கும் பாட்டில்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

நீங்களே இழுத்துச் செல்லப்பட்டால்? எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். ஓட்டத்தில் கால் ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும். சிக்கினால் தண்ணீர் உங்களை முன்பக்கமாக மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள், கால் முன்னே, பாதம் தண்ணீருக்கு மேலே, தலை பின்னே. வருகிற பாறையைக் காலால் உதைத்து விலகுங்கள். கையால் துடுப்புப் போட்டு, சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போங்கள். எதிர்த்து நீந்தினால் ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். குறுக்கே விழுந்த மரம் வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, அதன் மேல் எம்பி ஏறுங்கள். அடியில் போனால் கிளைகள் பிடித்துக்கொள்ளும்.

கரையேற்றிய ஆளுக்கு மூச்சில்லை என்றால் நம் ஊரில் இன்னும் தோளில் போட்டுச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும், பொன்னான நிமிடங்களும் போகும். மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நடு மார்பில் முப்பது முறை வேகமாக, அழுத்தமாக அமுக்கி, மறுபடியும் இரண்டு முறை ஊதுங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், சிலருக்கு மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்து வரும்.

கடைசியாகத் திரும்பும் வழி. மழை நாளில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். ஒரு அடி ஆழம் ஓடினால் சின்ன காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி ஓடினால் வேனும் நகரும். பைக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குக் கீழே பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் தெரியாது. முன்னால் ஒரு பஸ் போயிற்று என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

அக்கரையில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் அக்கரையிலேயே இருங்கள். மாயாற்றங்கரையில் தெங்குமரஹாடா மக்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளம் ஏறிவிட்டால் பரிசல் நின்றுவிடும். சந்தைக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், எல்லாரும் வந்த கரையில்தான். அவர்களுக்கு இருக்கும் அவசரத்தைவிட உங்கள் அவசரம் பெரிதாக இருக்காது. சின்னக் காட்டாறு ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். பெரிய ஆறென்றால் ஒரு ராத்திரி போகலாம். ஆற்றை விட்டு நன்றாக விலகி, மேடான இடத்தில், ஊர் இருந்தால் ஊருக்குள் போய் உட்காருங்கள். யார் வீட்டிலாவது ஒரு வாய் சோறு கிடைக்கும், இந்தப் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. போனில் சார்ஜ் இருக்கும்போதே வீட்டுக்குக் கூப்பிட்டு, ‘ஆத்துல தண்ணி ஏறிருச்சும்மா, காலையிலதான் வருவோம்’ என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

அன்புடன்,
பவானிக் கரையில் குடியிருக்கும் ஒருவர்